பத்தாம் எண் சட்டைக்கு ஆள் தேடிய அணிகள் (ஆப்பிரிக்கக் கால்பந்து: வரலாற்றுத் தொடர்)

ஆப்பிரிக்க நாடுகள் கோப்பையின் இறுதியாட்டங்களில் ஏழு, 120 நிமிடம் ஆடியும் ஒரு கோல்கூட விழாமல் பெனால்டி உதைகளில் முடிந்திருக்கின்றன. 1986, 1992, 2002, 2006, 2012, 2015 என்று வந்து, 2022-க்குத் தள்ளிப்போன 2021-ஆம் ஆண்டுக் கோப்பை வரை அந்தப் பட்டியல் நீள்கிறது. அவற்றில் ஆடியவர்கள் கோல் அடிக்கத் தெரியாதவர்கள் அல்லர். 2002-இல் கேமரூனுக்குச் சாமுவேல் எட்டோ இருந்தார். 2006-இலும் 2012-இலும் ஐவரி கோஸ்ட்டுக்குத் திதியே துரோக்பா இருந்தார். 2022-இல் ஒருபுறம் செனகலின் சாதியோ மானே, மறுபுறம் எகிப்தின் முகமது சலா. ஐரோப்பிய லீக்குகளில் கோல் மழை பொழிந்தவர்கள் சொந்தக் கண்டத்தின் இறுதியாட்டத்தில் வெறுங்காலோடு திரும்பினார்கள். இறுதியாட்டம் என்றாலே எல்லா அணிகளும் அஞ்சி அஞ்சித்தான் ஆடும் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், முப்பத்துச் சொச்சம் போட்டிகளில் ஏழு என்பது அதிகம். கோல் அடிப்பவர் இருந்தார். அவர் காலடிக்குப் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர் இல்லை. பிளேமேக்கர், பத்தாம் எண் என்றெல்லாம் அழைக்கப்படும் அந்த ஆட்டக்காரர் ஆப்பிரிக்க அணிகளிலிருந்து எப்போது, எப்படிக் காணாமல் போனார் என்பதே இந்தப் பகுதியின் பொருள்.

பிளேமேக்கரின் இடம் முன்கள வீரருக்குப் பின்னால், நடுக்களத்துக்கு முன்னால். எதிரணியின் தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையில் கிடைக்கும் சிறு வெளிதான் அவருடைய வேலைத்தலம். பந்து வருமுன்பே தலையை நிமிர்த்தி யார் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். வேகம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, ஓட்டமும் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் ஆட்டத்தை எப்போது முடுக்குவது, எப்போது ஆறப்போடுவது என்ற முடிவு அவர் கையில் இருக்கும். அவர் இல்லாத அணி பந்தை ஓரங்களுக்கு அனுப்பி உள்ளே தூக்கிப்போடும். அல்லது நீளமாக உதைத்து யாராவது ஓடிப் பிடிக்கட்டும் என்று விட்டுவிடும்.

ஆப்பிரிக்கர்களுக்கு உடல்வலுவும் வேகமும் இயல்பு, நுணுக்கமும் திட்டமிடலும் அவர்களுக்குப் பின்னால்தான் வரும் என்ற விளக்கம் ஐரோப்பியக் கால்பந்து வட்டாரங்களில் நெடுங்காலம் உலவியது. இன்றும் முற்றாக ஒழியவில்லை. வரலாறு இதற்கு நேர்மாறானது. கண்டத்திலிருந்து வெளியே போய்ப் பெயரெடுத்த முதல் தலைமுறையில் முக்கியமானவர்கள் பலர் ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பவர்களாகவே இருந்தார்கள். காசாபிளாங்காவில் பிறந்த லார்பி பென் பாரெக் 1938-இல் மார்செய்க்குப் போனார். பிரான்ஸ் தேசிய அணிக்கு 1954 வரை ஆடினார். இடையில் அத்லெட்டிக்கோ மாட்ரிட் 1950, 1951 ஆண்டுகளில் ஸ்பெயினின் லீக்கை வென்றபோது அதன் தாக்குதலின் மூளை அவர்தான். மொசாம்பிக்கைச் சேர்ந்த மரியோ கொலூனா லிஸ்பனின் பென்ஃபிக்காவுக்குச் சென்றபோது முன்கள வீரர். அங்கே அவரை நடுக்களத்துக்கு மாற்றினார்கள். 1961, 1962 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டங்கள் இரண்டிலும் கோல் அடித்தார். 1966 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பெற்ற போர்ச்சுகலின் தலைவரும் அவரே. அந்தப் போட்டியில் உலகம் யூசேபியோவைத்தான் பார்த்தது. யூசேபியோவும் மொசாம்பிக்காரர்தான், அவருக்குப் பந்து கொடுத்தவரும் மொசாம்பிக்காரர்தான் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை.

மூன்றாமவர் அல்ஜீரியாவின் செத்தீஃப் நகரில் பிறந்த ரஷீத் மெக்லூஃபி. சேந்த்-எத்தியென் அணிக்காக 1957-இல் பிரெஞ்சு லீக்கை வென்றவர். 1958 உலகக் கோப்பைக்குப் பிரான்ஸ் அணியில் இடம்பெறக்கூடியவராகக் கருதப்பட்டவர். 1958 ஏப்ரலில் வேறு சில அல்ஜீரிய வீரர்களோடு சேர்ந்து ரகசியமாகப் பிரான்ஸை விட்டு வெளியேறி, பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துப் போராடிய அல்ஜீரிய விடுதலை முன்னணி அமைத்த அணியில் சேர்ந்தார். அந்த அணியை உலகக் கால்பந்துச் சங்கம் ஏற்கவில்லை. ஏற்காததைப் பொருட்படுத்தாமல் அது கிழக்கு ஐரோப்பா, அரபு நாடுகள், சீனா, வியட்நாம் என்று நான்கு ஆண்டு சுற்றியது. விடுதலை வந்த பிறகு மெக்லூஃபி சேந்த்-எத்தியெனுக்கே திரும்பி மேலும் கோப்பைகளை வென்றார். இருபது ஆண்டு கழித்து அவர் பெயர் இந்தக் கதையில் மறுபடி வரும்.

பிரெஞ்சு இதழான ‘ஃபிரான்ஸ் ஃபுட்பால்’ 1970 முதல் ஆண்டுதோறும் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுத்தது. அந்தப் பட்டியலை வரிசையாகப் படித்தாலே பாதிக் கதை புரிந்துவிடும். 1977-இல் துனிசியாவின் தாரக் தியாப், 1978-இல் கானாவின் கரீம் அப்துல் ரசாக், 1981-இல் அல்ஜீரியாவின் லக்தர் பெல்லூமி, 1984-இல் கேமரூனின் தியோஃபில் அபேகா, 1985-இல் மொராக்கோவின் முகமது திமூமி. ஒன்பது ஆண்டுகளில் ஐந்து முறை விருது நடுக்களத்தில் ஆட்டத்தை வகுத்தவர்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் வெறும் உள்ளூர்ப் புகழ் பெற்றவர்களும் அல்லர். தியாபின் துனிசியா 1978 உலகக் கோப்பையில் மெக்சிகோவை 3-1 என வென்றது. உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணிக்குக் கிடைத்த முதல் வெற்றி அது. அதே ஆண்டு ரசாக்கின் கானா ஆப்பிரிக்கக் கோப்பையை மூன்றாம் முறையாக வென்றது.

1982 ஜூன் 16 அன்று ஸ்பெயினின் கிஹோன் நகரில் அல்ஜீரியா மேற்கு ஜெர்மனியை எதிர்த்து ஆடிய ஆட்டம் தனியே சொல்லத்தக்கது. மெக்லூஃபி அப்போது அல்ஜீரியாவின் பயிற்சிக் குழுவில் இருந்தார். இரண்டாம் பாதியில் ரபா மாஜர் கோல் அடித்து அல்ஜீரியாவை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். 67-ஆம் நிமிடத்தில் கார்ல்-ஹைன்ஸ் ருமெனிகே சமன் செய்தார். இனி ஐரோப்பிய சாம்பியன் விழித்துக்கொள்ளும், அல்ஜீரியா நொறுங்கும் என்பதே எல்லோரின் எதிர்பார்ப்பு. நடுவட்டத்தில் பந்தை வைத்து மறுபடி தொடங்கிய அல்ஜீரியர்கள் அவசரப்படவில்லை. குறுக்கும் நெடுக்குமாகக் குட்டிப் பாஸ்களால் பந்தை நகர்த்தினார்கள். இடது ஓரத்தில் சாலா அசாதுக்கு வழி திறந்தது. அவர் ஓடிப்போய்த் தாழ்வாக உள்ளே அனுப்பிய பந்து கோல் முகத்தைக் கடந்து மறுபக்கம் வந்தபோது அங்கே பெல்லூமி காத்திருந்தார். சமன் ஆன அடுத்த நிமிடமே 2-1. ஒரே ஆள் ஐந்து பேரை ஏமாற்றிப் போட்ட கோல் அல்ல, ஓர் அணி பொறுமையாகக் கட்டிய கோல். பிற்பாடு அதே கிஹோனில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் தங்களுக்குள் வசதியான 1-0 முடிவை ஆடி வைத்து அல்ஜீரியாவை வெளியேற்றின. பிரிவின் கடைசி ஆட்டங்களை ஒரே நேரத்தில் நடத்தும் விதி அதன் விளைவாக வந்தது.

1984-இல் அபிஜானில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பை இறுதியாட்டத்தில் கேமரூன் நைஜீரியாவை 3-1 என வென்றது. ஒரு கோல் அபேகாவினுடையது. நிதானமும் கணக்கும் கலந்த ஆட்டத்துக்காக அவரை ரசிகர்கள் ‘டாக்டர்’ என்றே அழைத்தார்கள். 1986 உலகக் கோப்பையில் திமூமி இருந்த மொராக்கோ, இங்கிலாந்து, போலந்து, போர்ச்சுகல் மூன்றையும் பின்தள்ளிப் பிரிவில் முதலிடம் பெற்றது. இரண்டாம் சுற்றுக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணி என்ற பெயரும் அதற்குத்தான்.

இந்த ஐவருக்கும் பொதுவான ஒன்று உண்டு. எல்லோரும் சொந்த நாட்டு கிளப்பில் ஆடி, அங்கேயே முதிர்ந்தவர்கள். தியாப் துனிஸின் எஸ்பெரான்ஸில், ரசாக் குமாசியின் அசான்தே கொட்டோகோவில், அபேகா யாவுண்டேயின் கேனானில், திமூமி ரபாத்தின் ராணுவ அணியில், பெல்லூமி பெரும்பாலும் தன் ஊரான மஸ்காராவில். அல்ஜீரியாவில் குறிப்பிட்ட வயதுக்கு முன் வீரர்கள் வெளிநாடு போகத் தடையே இருந்தது. அபேகா பிரான்ஸின் துலூஸ் அணிக்குப் போனபோது அவருக்கு வயது முப்பது. அதாவது பதினெட்டு வயதில் ‘நீ யார், உனக்கு எந்த இடம்’ என்று முடிவு செய்தவர்கள் அவர்களின் ஆட்டத்தைச் சிறுவயதிலிருந்து பார்த்துவந்த உள்ளூர்ப் பயிற்சியாளர்களும் அரங்கில் திரண்ட கூட்டமும்தான். தேசிய அணிக்கு வந்தபோதும் சுற்றி நின்றவர்கள் பெரும்பாலும் லீக்கில் பார்த்துப் பழகிய முகங்களே. இவர் எப்போது பந்தை விடுவார், எந்தப் பக்கம் விடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

கானாவின் அபேதி பெலே இரண்டு காலங்களுக்கு நடுவில் நிற்பவர். 17 வயதில் 1982 ஆப்பிரிக்கக் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். பிறகு கத்தார், சுவிட்சர்லாந்து, பெனின், பிரான்ஸின் கீழ்ப்பிரிவுகள் என்று அலைந்து மார்செய் வந்து சேர்ந்தார். 1993 மே 26 அன்று மியூனிக்கில் ஏ.சி. மிலானை மார்செய் 1-0 என வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் பசீல் போலி தலையால் முட்டிய அந்தப் பந்து, அபேதி எடுத்த கார்னர் கிக்கிலிருந்து வந்தது. ‘ஃபிரான்ஸ் ஃபுட்பால்’ விருது 1991 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டு அவருக்கே. ஒரு படைப்பாளி இல்லாவிட்டால் அணி என்ன ஆகும் என்பதற்கும் அவர் பெயரில்தான் சான்று கிடைக்கிறது. 1992-இல் செனகலில் நடந்த கோப்பையின் அரையிறுதியில் கானா நைஜீரியாவை வென்றது. ஆனால் அபேதிக்கு மஞ்சள் அட்டை கிடைத்ததால் இறுதியாட்டத்தில் ஆட முடியவில்லை. அவர் வெளியே உட்கார்ந்திருக்க, கானாவும் ஐவரி கோஸ்ட்டும் கோலின்றி முட்டி மோதி, பெனால்டியில் 11-10 என ஐவரி கோஸ்ட் வென்றது. தோற்ற அணியின் அபேதியே போட்டியின் சிறந்த வீரர். உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

நைஜீரியாவின் ஜே-ஜே ஒகோச்சா எனுகுவின் தெருக்களில் ஆடிப் பழகியவர். 1990-இல் ஜெர்மனிக்குப் போனது நண்பரைப் பார்க்க. நண்பர் தான் ஆடிவந்த நொயன்கிர்ஹன் என்ற மூன்றாம் பிரிவு அணியின் பயிற்சிக்குக் கூட்டிப்போக, அங்கேயே ஒப்பந்தம் கிடைத்தது. கீழ்ப்பிரிவுச் சிறு அணி என்பதால் அவரைத் திருத்தி அமைக்க அங்கே யாரும் மெனக்கெடவில்லை என்று ஊகிக்கலாம். அதுவே நல்லதாகப் போயிற்று. 1993-இல் ஃபிராங்ஃபுர்ட் அணிக்காக, கார்ல்ஸ்ரூஹேயின் கோல்கீப்பர் ஆலிவர் கானையும் தடுப்பாளர்களையும் பெனால்டி எல்லைக்குள்ளேயே இடமும் வலமுமாகத் தள்ளாட வைத்து, உதைப்பதுபோல் காட்டி உதைக்காமல், மறுபடி திரும்பி, கடைசியில் அவர் போட்ட கோல் ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த கோலாகத் தேர்வானது. அடுத்த ஆண்டு ஆப்பிரிக்கக் கோப்பை, 1996-இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம். அரையிறுதியில் பிரேசிலை 4-3, இறுதியில் அர்ஜென்டினாவை 3-2 என நைஜீரியா வென்ற அந்தப் போட்டிதான் ஆப்பிரிக்கப் படைப்பாட்டத்தின் உச்சம். இத்தனைக்கும் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் ஆண்டு விருது ஒகோச்சாவுக்கு ஒருமுறைகூடக் கிடைக்கவில்லை. 1998-இல் மொராக்கோவின் முஸ்தஃபா ஹாஜிக்குப் போன பிறகு அந்த விருது 2024 வரை முன்கள வீரர்களுக்கும் ஓர ஆட்டக்காரர்களுக்குமே தொடர்ந்து போனது. 2011 முதல் 2014 வரை வென்ற ஐவரி கோஸ்ட்டின் யாயா தூரே மட்டும் நீண்டகால விதிவிலக்கு. அவரும் பத்தாம் எண்ணாகப் புகழ் பெற்றவர் அல்லர். பின்னிருந்து பந்தோடு புகுந்து வரும் ஆற்றலே அவருடைய அடையாளம். பார்சிலோனா 2009 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவரை மையத் தடுப்பாளராகவே நிறுத்தியது.

மாறியது திறமை அல்ல, திறமை வளர்ந்த இடம். 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை (தொடக்கத்தில் அது 16 வயதுக்குட்பட்டோருக்கானது) நைஜீரியா 1985, 1993, 2007, 2013, 2015 ஆண்டுகளிலும் கானா 1991, 1995 ஆண்டுகளிலும் வென்றன. கண்கவரும் நடுக்களச் சிறுவர்கள் அந்த அணிகளில் நிறைய இருந்தார்கள். அந்தப் போட்டிகளே ஐரோப்பிய முகவர்களின் சந்தையாகவும் ஆயின. 1991 போட்டியின் சிறந்த வீரரான கானாவின் நீ லாம்ப்டி 16 வயதிலேயே பெல்ஜியத்தின் ஆண்டர்லெக்ட்டுக்காக ஆடத் தொடங்கினார். பெலேயின் வாரிசு என்றெல்லாம் பேசப்பட்டார். பிறகு நாடு நாடாக, அணி அணியாக மாறி, எதிலும் நிலைக்காமல் மங்கிப்போனார். ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பாவில் கட்டணமின்றி அணி மாறலாம் என்ற 1995-இன் போஸ்மேன் தீர்ப்பு வீரர் சந்தையைத் திறந்துவிட்டது. சிறுவர் ஏற்றுமதி அளவுமீறியதால் 18 வயதுக்குட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதற்கு 2001-இல் உலகக் கால்பந்துச் சங்கம் தடை கொண்டுவந்தது. அதன் பின்னும் 18 நிறைந்த மறுநாளே புறப்படுவது வழக்கமாயிற்று. நடுக்கள வீரர் ஒருவரின் கண்ணும் கணிப்பும் முதிர்வது அதற்கடுத்த நான்கைந்து ஆண்டுகளில்தான். அந்த ஆண்டுகள் இப்போது வாங்கியவர் கைக்குப் போய்விட்டன.

அந்தக் கைமாற்றத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஜான் ஓபி மிக்கேலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. 2005-இல் நெதர்லாந்தில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் இறுதியில் நைஜீரியா அர்ஜென்டினாவிடம் 2-1 எனத் தோற்றது. அர்ஜென்டினாவின் இரு கோல்களும் பெனால்டியில் வந்தவை, அடித்தவர் லயனல் மெஸ்ஸி. போட்டியின் சிறந்த வீரர் விருது மெஸ்ஸிக்கு, இரண்டாமிடம் மிக்கேலுக்கு. அப்போது மிக்கேல் முன்கள வீரருக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை ஓட்டியவர். மான்செஸ்டர் யுனைடெட்டும் செல்சியும் அவருக்காக மல்லுக்கட்டின. 2006-இல் செல்சி வென்றது. செல்சியில் அப்போது பத்தாம் எண் என்ற இடமே கிடையாது. கிளாத் மக்கலேலேக்கு வயதாகிக்கொண்டிருந்தது. தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று பந்தைப் பறித்துப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுக்கும் அந்த வேலைக்கு அடுத்த ஆள் தேவைப்பட்டது. ஜோசே மொரின்யோ மிக்கேலை அந்த வேலைக்குப் பழக்கினார். மிக்கேல் அதை நன்றாகவே செய்தார். 2012-இல் சாம்பியன்ஸ் லீக் வென்ற அணியில் அவர் தூண். ஆனால் செல்சியின் பத்தாண்டுக்கு மேலான காலத்தில் பிரீமியர் லீக்கில் அவர் அடித்த கோல் ஒன்றே ஒன்று, 2013-இல் ஃபுல்ஹாமுக்கு எதிராக.

நைஜீரியாவுக்கு வரும்போது அவர் முதுகில் ஒகோச்சாவின் பத்தாம் எண் இருந்தது. கிளப்பில் ஆண்டு முழுதும் பந்தைப் பாதுகாப்பாகப் பக்கவாட்டில் தள்ளிப் பழகியவர், தேசிய அணியில் சில நாள் பயிற்சியோடு கோலைக் கிழிக்கும் பாஸ் கொடுக்க வேண்டும் என்று ரசிகர்கள் எதிர்பார்த்தார்கள். 2018 உலகக் கோப்பையில் கலினின்கிராத்தில் குரோஷியாவுக்கு எதிராக அவரை முன்னே நிறுத்தினார்கள். எதிரே லூக்கா மோட்ரிச். நைஜீரியா 2-0 எனத் தோற்றது. அடுத்த ஆட்டத்தில் மிக்கேலைப் பின்னால் இழுத்து, முன்னே வேகமான இருவரை விட்டதும் ஐஸ்லாந்தை 2-0 என வென்றது. சட்டை எண் சொன்னதற்கும் கால்கள் கற்றதற்கும் இருந்த தூரம் ஒரே வாரத்தில் தெரிந்துபோனது.

கானாவில் இதே கதை வேறு வடிவில் நடந்தது. நடுக்கள வீரரான குவாட்வோ அசாமோவா 2012-இல் யுவெந்தூஸுக்குப் போனபோது இடது ஓரத்தில் மேலும் கீழும் ஓடும் ஆளாக்கப்பட்டார். 2005-இல் மைக்கேல் எசியெனை வாங்கச் செல்சி சுமார் 2.4 கோடி பவுண்டு கொடுத்தது. ஓயாமல் ஓடி, மோதி, பந்தைப் பறிக்கும் நடுக்கள வீரருக்கு அவ்வளவு விலை கிடைக்கும் என்ற செய்தி அக்ராவிலும் அபிஜானிலும் டக்காரிலும் இருந்த பயிற்சிக் கூடங்களுக்குப் புரியாமல் போகுமா? சந்தையில் எது விலை போகிறதோ அதைத்தான் உழவரும் விதைப்பார். 2010 உலகக் கோப்பையில் கானா காலிறுதி வரை போன சாதனையைப் பற்றிப் பேசும்போது உருகுவேயின் லூயிஸ் சுவாரேஸ் கையால் தடுத்த பந்தும் அசமோவா ஜியான் தவறவிட்ட பெனால்டியும்தான் நினைவுக்கு வரும். முதல் சுற்றின் மூன்று ஆட்டங்களில் கானா அடித்த இரு கோல்களுமே பெனால்டி என்பது மறந்துபோகும். அதே சுற்றில் ஜெர்மனி கானாவை 1-0 என வென்றது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் மெசுத் ஓசில், அந்தப் போட்டியின் மிக நேர்த்தியான பத்தாம் எண்.

வாங்குவோரின் மனச்சாய்வும் கணக்கில் சேர வேண்டும். 2014-இல் பிரான்ஸின் பொர்தோ அணியின் பயிற்சியாளராக இருந்த வில்லி சாஞோல், ‘வழக்கமான ஆப்பிரிக்க வீரர்’ விலை மலிவு, மோதலுக்குத் தயார், வலுவானவர் என்று சொல்லிவிட்டு, கால்பந்துக்கு நுட்பமும் அறிவும் ஒழுங்கும்கூட வேண்டும் என்ற பொருளில் பேசினார். பெரும் எதிர்ப்பு எழுந்து பின்னர் வருத்தம் தெரிவித்தார். அவர் வாய்விட்டுச் சொன்னதுதான் தவறாகத் தெரிந்தது. வீரர்களைத் தேர்ந்தெடுப்பவர்களில் எத்தனை பேர் சொல்லாமல் அதையே செய்தார்கள் என்பது வேறு விஷயம். 2020-இல் நான்கு ஐரோப்பிய லீக்குகளின் 80 ஆட்டங்களில் தொலைக்காட்சி வர்ணனையை ஆராய்ந்த ஓர் ஆய்வு, அறிவுக்கான பாராட்டு வெளிர்நிற வீரர்களுக்கும், வலிமை வேகத்துக்கான பாராட்டு கருநிற வீரர்களுக்கும் அதிகம் போவதைக் காட்டியது. பதினெட்டு வயது கானாச் சிறுவனை முதல் நாள் பயிற்சியில் எந்த இடத்தில் நிறுத்துவது என்ற முடிவை எடுப்பவரும் அதே வர்ணனைகளைக் கேட்டு வளர்ந்தவரே.

பழியை எல்லாம் இதன் மேலேயே போட்டுவிடவும் முடியாது. 2000-க்குப் பிறகு பழைய பாணிப் பத்தாம் எண் உலகெங்கும் அருகினார். அர்ஜென்டினாவின் ஹுவான் ரோமான் ரிக்கெல்மேயே கடைசிப் பெரும் பெயர்களில் ஒருவர். நெருக்கித் தடுக்கும் ஆட்டமுறை அவருக்கான வெளியை விழுங்கிவிட்டது. ஆனால் ஸ்பெயினுக்கு ஷாவி, இத்தாலிக்குப் பிர்லோ, குரோஷியாவுக்கு மோட்ரிச் என்று படைப்பு வேலை சற்றுப் பின்னால் நிற்கும் நடுக்கள வீரரிடம் இடம் மாறியது. அந்த இடத்தில்தான் ஆப்பிரிக்க அணிகளிடம் பறிப்பவர்கள் மட்டும் மிஞ்சினார்கள். படைப்பாற்றல் ஓரங்களுக்கு ஒதுங்கியது: சலா, மானே, ரியாத் மஹ்ரேஸ். 2022-இல் கோப்பை வென்ற செனகலின் இறுதியாட்ட நடுக்களம் இத்ரிசா குயே, சேக் குயாத்தே, நாம்பாலிஸ் மெந்தி. மூவரும் பந்தைப் பறிப்பதில் கெட்டிக்காரர்கள். தேசிய அணிகளின் நிர்வாகமும் இதற்கு உரமிட்டது. குறுகிய ஒப்பந்தத்தில் வரும் பயிற்சியாளர், பத்து நாட்டிலிருந்து பறந்து வரும் வீரர்கள், கைக்குக் கிடைக்கும் சில நாள். அந்த அவகாசத்தில் தடுப்பைக் கட்டலாம். ஒருவரை ஒருவர் கண்ணசைவில் புரிந்துகொள்ளும் தாக்குதலைக் கட்ட முடியாது. 2012-இல் ஐவரி கோஸ்ட் போட்டி முழுவதும் ஒரு கோல்கூட வாங்காமலேயே கோப்பையை இழந்தது.

மறுபக்கச் சான்று எகிப்து. 2006, 2008, 2010 என மூன்று கோப்பைகளைத் தொடர்ந்து வென்ற ஹசன் ஷெஹாதாவின் அணியில் பெரும்பாலோர் உள்ளூர் லீக்கில் ஆடியவர்கள். முதல் இரண்டு கோப்பைகளின் மையம் முகமது அபூத்ரிகா. கெய்ரோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தவர், கெய்ரோவின் அல் அஹ்லியில் ஆடியவர், ஐரோப்பாவுக்குப் போகாதவர். 2008 இறுதியாட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் கேமரூனின் அனுபவசாலித் தடுப்பாளர் ரிகோபெர் சோங்கிடமிருந்து முகமது ஸிதான் விழுந்து எழுந்து பந்தைப் பிடுங்கினார். பெனால்டி எல்லைக்குள் நேரத்துக்கு வந்து நின்றவர் அபூத்ரிகா. ஒரே தட்டு, 1-0. மறு ஆண்டு கூட்டமைப்புகள் கோப்பையில் உலக சாம்பியன் இத்தாலியை எகிப்து வென்றதும் அவர் எடுத்த கார்னரில் விழுந்த கோலால்தான். அந்த அணி உலகக் கோப்பைக்குத் தகுதி பெறவில்லை என்ற குறையையும் சொல்லியாக வேண்டும்; 2009 நவம்பரில் சூடானின் ஓம்துர்மானில் அல்ஜீரியாவிடம் 1-0 எனத் தோற்றது. நிறவெறித் தடையால் உலகிலிருந்து ஒதுக்கப்பட்டு 1992-இல் திரும்பிய தென்னாப்பிரிக்கா நான்கே ஆண்டில் கோப்பை வென்றபோது அதன் நடுக்களத்தில் டாக்டர் குமாலோ, ஜான் மொஷோவு என்ற இரண்டு ரசனைக்காரர்கள் இருந்ததும் இதே வகையில் சேரும். அவர்களுக்கு முந்தைய தலைமுறையின் மேதை ஏஸ் ந்ட்சோலெங்கோயே அமெரிக்க லீக்கில் புகழ் பெற்றும் தடைக்காலத்தில் நாட்டுக்காக ஆட வழியின்றிப் போனார்.

2000-க்குப் பின் கிடைத்த மற்றொரு வழி, புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகள். 2002-இல் காலிறுதிக்குப் போன செனகலின் கலீலு ஃபாதிகா டக்காரில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். 2014-இல் தென்கொரியாவுக்கு எதிராக 4-2 என வென்ற அல்ஜீரியாவின் யாசின் பிராஹிமியும், 2019-இல் கோப்பை வென்ற அணியின் மஹ்ரேஸும் பிரான்ஸில் பிறந்தவர்கள். 2022 உலகக் கோப்பையில் அரையிறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க அணியான மொராக்கோவின் 26 பேரில் 14 பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். அவர்களில் நெதர்லாந்தின் ஹக்கீம் சியெக், முந்தைய பயிற்சியாளர் வஹித் ஹலில்ஹோஜிச்சோடு முரண்பட்டு 2022 பிப்ரவரியில் தேசிய அணியை விட்டே விலகியவர். ஆகஸ்டில் பொறுப்பேற்ற வலீத் ரெக்ராகி முதலில் செய்த வேலைகளில் ஒன்று அவரைத் திரும்ப அழைத்தது. அதே அணியில் ஸ்பெயினை அயரவைத்த அஸ்ஸதீன் உனாஹி காசாபிளாங்காவில் பிறந்தவர். மன்னர் ஆறாம் முகமது பெயரில் நாட்டுக்குள்ளேயே நடக்கும் பயிற்சிக்கழகத்தில் உருவானவர். பிரான்ஸின் மூன்றாம் பிரிவு வரை இறங்கி ஆடிவிட்டே மேலே வந்தார்.

சகாராவுக்குத் தெற்கே நிலைமை அவ்வளவு மாறவில்லை. 2015-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையின் சிறந்த வீரராகத் தேர்வான நைஜீரியாவின் கெலேச்சி ந்வாகாலியை ஆர்சனல் மறு ஆண்டே வாங்கி, வெவ்வேறு அணிகளுக்கு இரவல் கொடுத்து, முதல் அணிக்கு ஒருமுறைகூட ஆடவிடாமல் அனுப்பிவைத்தது. ஒகோச்சாவின் சகோதரி மகன் அலெக்ஸ் இவோபி லாகோஸில் பிறந்து நான்கு வயதில் லண்டன் போனவர். ஆர்சனலில் ஓர ஆட்டக்காரர், எவர்ட்டனில் சில காலம் ஓரத் தடுப்பாளர். நைஜீரியாவுக்கு வந்தால் நடுக்களத்தின் படைப்பாளி. 2024 பிப்ரவரியில் முடிந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் பயிற்சியாளர் ஜோசே பெசெய்ரோ மூன்று மையத் தடுப்பாளர்களை நிறுத்தி, நடுக்களத்தில் இருவரை மட்டும் வைத்து ஆடினார். அதில் பத்தாம் எண்ணுக்கு இடமே இல்லை. இவோபி அந்த இருவரில் ஒருவர். அணி இறுதி வரை போய் ஐவரி கோஸ்ட்டிடம் 2-1 எனத் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் நைஜீரிய ரசிகர்களின் வசை இவோபி மேல்தான் குவிந்தது. அவர் தன் இன்ஸ்டாகிராம் படங்களை நீக்கிவிட்டார். அணித் தலைவர் அகமது மூசா வசைபாடுவதை நிறுத்தும்படி வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார்.